வெளிநாட்டில் மாலை நேர ஆங்கில ஆசிரியர் வேலை: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, நான்கு ஆண்டுகளாகத் தனியார் பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். என்னிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. தென் கொரியாவில் பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் வரும் 'ஹாக்வோன்' என்ற தனியார் நிலையத்தில் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மதியம் 2 மணி முதல் இரவு 9 வரை வேலை, தங்க இடம் தருவார்களாம். முதலில் டூரிஸ்ட் விசாவில் போய், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அதற்கு முன்பணம் கேட்கிறார். வீட்டில் யோசிக்கிறார்கள். நான் போகலாமா? என் உச்சரிப்பு அங்கே எடுபடுமா? கொரிய மொழி கற்றுக்கொண்டுதான் போக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் முன்பணம். கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள்.

ஏஜென்ட் சொல்லும் வழியில் அந்த வேலைக்குப் போக முடியாது. தனியார் நிலையங்களில் மொழி கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்குத் தென் கொரியா தருவது இ-2 என்ற விசா. ஹாக்வோனில் ஆங்கிலம் கற்பிக்க அதை ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் தருகிறார்கள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. கொரியரை மணந்தவர்கள், அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்கள் கதை வேறு. மற்றபடி உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கில் வருவது பாஸ்போர்ட்தான். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் விதி அதுதான், அதை எந்த ஏஜென்டாலும் வளைக்க முடியாது.

அந்த ஏழு நாட்டுக்காரராக இருந்தாலும் நடைமுறை வேறு மாதிரிதான். பட்டச் சான்றிதழுக்கும் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றுக்கும், வெளிநாட்டில் அவை செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் என்ற அரசு முத்திரை வாங்கி, நிலையம் அங்கே குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த பிறகுதான் தூதரகத்தில் விசா குத்துவார்கள். அதாவது வேலை முதலில், விமானம் பிறகு. டூரிஸ்ட் விசாவில் வகுப்பெடுத்தால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் நிலையக்காரர் அபராதம் கட்டிவிட்டு மறுநாள் கதவைத் திறப்பார். நீங்கள் நாடு கடத்தப்படுவீர்கள், மறுபடி நுழையத் தடையும் வரும். அதற்கு முன்பே இன்னொரு சிக்கல் இருக்கிறது. சம்பளத்தை இழுத்தடித்தால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்? அந்தப் பயத்தையே முதலாக வைத்துத் தொழில் நடத்துபவர்கள் உண்டு.

இன்னொன்று. ஆசிரியரைப் பிடித்துக் கொடுப்பதற்கான கமிஷனை அங்கே நிலையம்தான் தரும். ஆசிரியரிடம் கை நீட்டுபவர் என்றாலே ஒதுங்கிக்கொள்ளலாம்.

சரி, கொரியா என்ற ஆசையை அப்படியே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு சிறிய கதவு இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராகச் சேர அது வழி செய்கிறது. உங்கள் எம்.ஏ.வும் பி.எட்.டும் அதற்குப் பொருந்தும். ஹாக்வோனுக்கு இது செல்லாது, பள்ளிக்கு மட்டும். கல்வி அமைச்சகத்தின் கீழ் நடக்கும் 'எபிக்' திட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தப் பருவத்துக்கும் இலையுதிர் பருவத்துக்கும், ஆள் எடுக்கிறது. இந்த வழியில் போன இந்தியர்கள் அதிகம் இல்லை, அதனால் இதையே நம்பி இங்கே வேலையை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு மற்ற வழிகளையும் பாருங்கள்.

மற்ற வழிகள் என்றால், வியட்நாமில் மொழி மையங்களுக்கான விதிகளில் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கும் இடமுண்டு. பட்டமும் ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழும் கேட்பார்கள். ஆங்கிலமே பட்டப் பாடமாக இருப்பது உங்களுக்குச் சாதகம். அங்கே வேலை நேரம் மாலையிலும் சனி, ஞாயிறிலும்தான். ஜப்பானில் தனியார் மொழிப் பள்ளிகள் விசாவுக்கு ஏற்பாடு செய்யும்போது, 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்று கேட்பது வழக்கம். நீங்கள் தமிழ் வழியில் படித்தவர் என்றால் அதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மூன்று சுற்று நேர்காணல் முடிந்த பிறகு தெரியவரும். தைவான் இந்த விஷயத்தில் கொரியாவின் அண்ணன், அங்கும் பாஸ்போர்ட்தான் முதல் கேள்வி.

சீனாவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தத் தொழில் எவ்வளவு சீக்கிரம் தலைகீழாகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 2021 ஜூலையில் 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கை வந்தது. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் டியூஷனையும் குறைப்பது நோக்கம். கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களை லாபத்துக்கு நடத்தக் கூடாது, வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தக் கூடாது, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை வைத்து ஆன்லைனில் நடத்தக் கூடாது என்றார்கள். நியூ ஓரியன்டல் என்ற ஒரே நிறுவனம் அந்த ஆண்டு 60,000 பேரை வீட்டுக்கு அனுப்பியதாக அதன் நிறுவனரே எழுதினார். ஜப்பானில் 2007 அக்டோபரில் நோவா என்ற மிகப் பெரிய ஆங்கில உரையாடல் பள்ளி நொடித்துப் போனபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். பள்ளி எடுத்துக் கொடுத்த வீட்டில் இருந்தவர்களுக்கு வீடும் கேள்விக்குறியானது. அதனால் கையில் மூன்று மாதச் செலவுக்கும் திரும்பி வர டிக்கெட்டுக்கும் பணம் இல்லாமல் யாரையும் கிளம்பச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இனி ஒப்பந்தம். எந்த நாடானாலும் இந்த வேலையின் குணம் ஒன்றுதான்: பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகுதான் உங்கள் கடை திறக்கும். நாளில் சில மணி நேரத்துக்குள் மொத்த வருமானத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது முதலாளியின் நெருக்கடி. ஒப்பந்தத்தில் உள்ள சூட்சுமமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. 'வாரம் 30 மணி நேர வகுப்பு' என்று போட்டிருக்கும். பள்ளியில் ஒரு பீரியடை ஒரு மணி நேரம் என்று எண்ணிப் பழகிய நமக்கு 30 வகுப்பு என்று தோன்றும். அங்கே ஒரு வகுப்பு 40 நிமிடம் என்றால் 30 மணி நேரம் என்பது 1,800 நிமிடம், அதாவது 45 வகுப்பு. ஐந்து நாளில் நாளைக்கு ஒன்பது. அதோடு தயாரிப்பு நேரம், பெற்றோருக்கு மாதாந்திர அறிக்கை, புதிதாக வரும் பிள்ளைக்கு நிலைத் தேர்வு, இவையெல்லாம் எந்தக் கணக்கில் வருகின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொரிய ஹாக்வோன் ஒப்பந்தங்களில் இன்னும் இரண்டு இடத்தில் விரலை வைத்துப் படிக்கச் சொல்வேன். உங்களுக்கு அந்த வேலை இல்லையென்றாலும் இதைப் படிக்கும் வேறு பாஸ்போர்ட்காரர்களுக்கு உதவும். சம்பளத்தில் 3.3 சதவீதம் வரி பிடிப்போம் என்று இருந்தால், உங்களை ஊழியராக வைக்கவில்லை, தனித் தொழில் செய்பவராகக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று பொருள். ஊழியருக்கு மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் முதலாளி பாதிப் பங்கு போட வேண்டும், அதைத் தப்பிக்கும் வழி இது. அடுத்தது பணிக்கொடை. ஓராண்டு முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் பதினோராவது மாதத்தில் திடீரென்று உங்கள் கற்பித்தலில் குறை கண்டுபிடிக்கும் நிலையங்களும் இருக்கின்றன. ஜப்பானிலும் இதே ஜாதி வித்தை ஒன்று நெடுநாள் நடந்தது. வாரம் 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தம் போடுவார்கள், அரை மணி கூடினால் சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டிவரும் என்பதால். காப்பீட்டு விதிகளை 2016-லிருந்து படிப்படியாக விரித்த பிறகு பெரிய நிறுவனங்களில் இந்த விளையாட்டு செல்லாமல் போய்விட்டது.

கையெழுத்துக்கு முன், இப்போது அங்கே வேலை செய்யும் ஒரு ஆசிரியரோடு பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இயக்குநர் பக்கத்தில் இல்லாமல். மறுத்தால் அதுவே பதில்.

வகுப்பறைக்கு வருகிறேன், கடிதத்தில் நீங்கள் இதைப் பற்றி எதுவுமே கேட்காததுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர்தான், ஆனால் அது காலை அனுபவம். மாலைப் பிள்ளை வேறு பிள்ளை.

கொரியாவில் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்குகிறது, 1997-லிருந்து அப்படித்தான். அதற்குள் தன் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பதறும் பெற்றோர் முதல் வகுப்பிலேயே தனியாரிடம் அனுப்புகிறார்கள். பள்ளிக்குள்ளேயே நடந்த மாலை ஆங்கில வகுப்புகளை முதல் இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் 2018-ல் நிறுத்திப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்து 2019-ல் சட்டத்தைத் திருத்தி மறுபடி அனுமதித்தார்கள். சோல் நகரில் ஹாக்வோன்கள் இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, நாலரை மணிக்கு உங்கள் முன்னால் உட்காரும் ஏழு வயதுப் பெண் காலையிலிருந்து ஏற்கெனவே ஒரு முழு நாள் வாழ்ந்து முடித்தவள். பள்ளி, அப்புறம் டேக்வாண்டோ என்ற தற்காப்புக் கலை வகுப்பு, அப்புறம் நீங்கள். கோட்டுக்குள் இன்னும் அந்த வெள்ளைச் சீருடை இருக்கும். பசிக்கும். மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள். அவளிடம் போய் 'பக்கம் 34-ஐத் திற' என்றால் புத்தகம் திறக்கும், பிள்ளை திறக்க மாட்டாள்.

மாலை வகுப்பு எடுப்பவர்களுக்கு நான் பயிற்சியில் முதல் நாள் சொல்வது, முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தைத் தொடாதீர்கள் என்பதுதான். உட்கார்ந்தே வந்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்துங்கள். 'கதவைத் தொடு', 'நீல நிறத்தைத் தொடு', 'மூன்று முறை குதி' என்று ஆங்கிலத்தில் நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் செய்யட்டும், பேச வேண்டாம். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் வகுத்த முறை இது: கேட்டு, உடம்பால் பதில் சொல்லி, பிறகு பேச்சு. பழைய முறைதான், மாலை நாலரை மணிக்கு இதைவிட நல்லது எனக்கு இன்னும் அகப்படவில்லை. அதற்குப் பிறகு சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்து, கிசுகிசுப்பாகப் பேசுங்கள். இருபது பிள்ளைகளின் சத்தத்தை மீறிக் கத்தி ஜெயித்தவர் யாரும் இல்லை. ஒன்பது வகுப்பு கத்தினால் வியாழக்கிழமை தொண்டை போய்விடும். குரல் போன ஆசிரியருக்கு மாற்று ஆள் வைக்கும் வசதி சிறிய நிலையங்களில் இருக்காது, குரல் இல்லாமலேயே நிற்க வேண்டியதுதான்.

பேசவே மாட்டேன் என்று இருக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். என் வகுப்பில் இருந்த பையன் நாற்காலியில் உட்காராமல் மேசைக்கு அடியில் உட்காருவான். இழுத்து வெளியே விடுவதற்குப் பதில், படச் சீட்டுகளை விநியோகிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சீட்டுக்கும் 'ஹியர் யூ ஆர்' சொல்ல வேண்டும், வாங்குபவர் 'தேங்க் யூ' சொல்ல வேண்டும். ஒரு சுற்றில் பன்னிரண்டு முறை சொன்னான். யாரும் அவனைப் பேசச் சொல்லவில்லை, அவன் வேலை செய்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் யாராவது 'தேங்க் யூ' சொல்லாவிட்டால் சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான்.

இதையெல்லாம் படித்து உங்களுக்கு உற்சாகம் வந்தால் இந்த வேலை உங்களுக்குச் சரிப்படும். சலிப்பு வந்தால், தயவுசெய்து பள்ளி வேலையாகவே தேடுங்கள். எம்.ஏ.வில் படித்த கவிதை ஒன்றுகூட இங்கே உதவாது, நிறைய பேர் ஆறு மாதத்தில் மனம் வெறுத்துப் போவது அதனால்தான். போகும் முன் ஒரு சான்றிதழ் எடுப்பதாக இருந்தால் நிஜ மாணவர்கள் முன் நின்று எடுக்கும் பயிற்சி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழில் மதிப்பிடப்படும் கற்பித்தல் மட்டும் 6 மணி நேரம். ஆனால் அது பெரியவர்களுக்குக் கற்பிப்பதை வைத்து அமைந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும். திரையில் கேள்வி-பதில் மட்டும் முடித்து வாங்கும் 120 மணி நேரச் சான்றிதழ் விசாவுக்கு ஆகும், மேசைக்கு அடியில் இருக்கும் பையனுக்கு ஆகாது.

உச்சரிப்பு பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கர் போலப் பேச வேண்டாம், முயன்றால் பாதிதான் வரும், கேட்கவும் நன்றாக இருக்காது. ஒன்றே ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். 'பென்', 'டென்', 'கிங்' போன்ற ஆங்கிலச் சொற்களின் முதல் மெய்யில் ஒரு மூச்சு வெடிப்பு உண்டு, தமிழில் அது இல்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து 'பென்' என்று சொல்லுங்கள். தாள் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் கேட்பவர் காதில் அது வேறு எழுத்தாக விழும். கொரியர்களுக்கு இது இன்னும் நுட்பமாகக் கேட்கும், அவர்கள் மொழியில் 'ப'வே மூன்று வகை. இதை நேர்காணலுக்கு முன் இரண்டு வாரம் பழகினால் போதும். மற்றபடி, ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர் என்பது உங்கள் பலம். 'எஃப்' ஒலி வராத குழந்தையின் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். அவர்கள் காபியைக் 'கோப்பி' என்பார்கள். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காட்டத் தோன்றுவது, தானும் ஒரு காலத்தில் வைத்துப் பழகியவருக்குத்தான்.

வீட்டில் யோசிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் சம்பளத்தைவிட நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். ஊர் உலகம் சாப்பிட்டு ஓயும்போது உங்களுக்கு வேலை, எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் காலையில் உங்களுக்கு ஓய்வு. நண்பர்கள் பெரும்பாலும் சக ஆசிரியர்களாகவே இருப்பார்கள், ஊர்க்காரர்களோடு பழக நேரம் ஒட்டாது. காலை நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளாதவர்கள் பதினோரு மணி வரை தூங்கி, எழுந்ததும் வகுப்புக்கு ஓடி, ஒரு வருடத்தில் நகரத்தையே பார்க்காமல் திரும்புகிறார்கள். காலியான காலையில் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கலாமே என்று தோன்றும். வேலை விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும், அனுமதி இல்லாமல் தனி டியூஷன் எடுத்தால் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். வீட்டாருக்கு ஒரு ஆறுதல்: கொரியாவும் ஜப்பானும் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். நீங்கள் 9 மணிக்கு வகுப்பு முடித்து அழைத்தால் இந்தியாவில் மாலை ஐந்தரைதான்.

மொழி. கொரியாவுக்குப் பள்ளி வழியில் போவதானால், பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வகுப்பில் கொரிய மொழி பேசாதீர்கள் என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் ஹங்குல் என்ற கொரிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு போங்கள். அடிப்படை எழுத்துகள் 24-தான், நம் எழுத்தைக் கற்றவருக்கு ஒரு வாரம் ஆகும். வருகைப் பட்டியலில் பிள்ளைகளின் பெயர்களை நீங்களே படிக்கலாம், பஸ்ஸில் இருக்கும் பலகையைப் படிக்கலாம். 'வலிக்கிறது', 'பாத்ரூம் போகணும்' என்ற இரண்டையும் அவர்கள் மொழியில் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள், அவசரத்தில் பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தம் இரண்டு மொழியில் வந்தால், முரண்பாடு வரும்போது எந்தப் பிரதி செல்லும் என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில். கொரியப் பிரதி என்று இருந்தால், கையெழுத்துக்கு முன் அதைக் கொரிய மொழி தெரிந்த ஒருவரிடம், ஏஜென்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், கொடுத்து முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள்.